போன் போட்டாச்சு, அடுத்து என்ன?

தங்கச்சி, உனக்கோ உன்கூட இருக்கும் ஒருத்திக்கோ நடுராத்திரியில் மனசு கைமீறிப் போனால், யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே விடியவிடாதே. 14416-க்குப் போன் போடு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அரசின் 104-லும் ஆலோசனை கிடைக்கும். சென்னையில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பும் இருக்கிறது, எண் 044-24640050. இந்த மூன்றையும் இப்போதே போனில் சேமித்து வை. வீட்டில் உன் போனை எடுத்துப் பார்ப்பவர்கள் இருந்தால், உனக்கு மட்டும் தெரியும் ஒரு பெயரில் போட்டுக்கொள்.

14416-ஐ அழைத்தால் முதலில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பதிவுக் குரல் வரும். கட் பண்ணிவிடாதே. அப்புறம் பேசுவது மனுஷர்தான். என்ன நடந்தது, தூக்கம் எப்படி, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் நேராகவே கேட்பார்கள். பயந்துபோய் இல்லை என்று சொல்லாதே, உள்ளதைச் சொல். கோர்வையாகப் பேச வராது, வர வேண்டியதும் இல்லை. "எனக்குத் தாங்கல, தனியா இருக்கேன்" என்றால் போதும். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமே இணைப்பார்கள்.

போனை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிடு: "நாளைக்கு நான் எங்க போகணும்? எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை?" இதை ஒரு தாளில் எழுதிக்கொள். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவதே இந்தக் கேள்வியைத்தான். அன்றைய ராத்திரியைத் தாண்டிவைக்க நம்மிடம் வழி இருக்கிறது. அதற்கடுத்த இரண்டு வாரத்தில்தான் நம் பெண்கள் நழுவிப்போகிறார்கள். அழுது முடித்துக் கொஞ்சம் தூங்கி எழுந்ததும் "இப்போ பரவாயில்லை" என்று தோன்றும். வீட்டாருக்கும் அது போதுமானதாக இருக்கும். சிகிச்சை அங்கேயே நின்றுவிடும்.

உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் ஆலோசனை எண் வேண்டாம், 108. அல்லது பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி. "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து சின்ன கிளினிக்குகளாக அலைந்து நேரத்தைத் தொலைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அதற்காக வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகலாம், யாராவது வந்து விசாரிக்கலாம். அது நடைமுறை, அவ்வளவுதான். அதற்குப் பயந்து ஆளை வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், பூச்சிமருந்து எல்லாவற்றையும் அவள் கைக்கு எட்டாத இடத்துக்கு, முடிந்தால் வேறொருவர் வீட்டுக்கே மாற்றிவிடுங்கள். சாகத் தூண்டும் அந்த உந்துதல் பெரும்பாலும் அலை மாதிரி ஏறி இறங்குவது. ஏறி நிற்கும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே பெரிய காப்பு. "சாகணும்னு தோணுதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவள் காத்திருப்பாள். "உனக்கு என்ன குறை வெச்சோம்", "குழந்தை முகத்தைப் பாரு" இந்த இரண்டையும் தயவுசெய்து சொல்லாதீர்கள். குழந்தை முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் குற்ற உணர்ச்சியில் நொந்துபோயிருப்பாள்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் சண்டைக்கு நிற்காதே. போய்விட்டு வா, டாக்டரையும் பார். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியில்லாமல் கருகிப்போனார்கள். அதே ஏர்வாடியில் இருக்கும் தர்காவில் பின்னால் அரசு மனநல மருத்துவர்களே உட்கார்ந்து, பிரார்த்தனைக்கு வருகிறவர்களுக்கு மருந்தும் கொடுக்கும் திட்டம் வந்தது. உன் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல், கேட்டுக்கொள்வார்கள்.

சரி, விடிந்தாயிற்று. எங்கே போவது?

காசு இல்லை என்பது காரணமே கிடையாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் நடக்கிறது. குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் அந்த டாக்டர்கள் வருவார்கள். சென்னையில் என்றால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். 1794-இல் தொடங்கிய நிறுவனம். சினிமா கேலி செய்தே அந்தப் பெயரைக் கேட்டால் கூச வைத்துவிட்டது. அங்கே புறநோயாளியாகப் போய், டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். போனால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயப்படாதே.

அரசு ஆஸ்பத்திரிக்குக் காலையில் சீக்கிரமே போய்விடு, ஓ.பி. சீட்டு வரிசை சேர்ந்துவிடும். சீட்டு போடும் இடத்தில் "மனநலம்" என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். பின்னால் நிற்பவர் திரும்பிப் பார்ப்பாரோ என்று தோன்றும். கூட வந்த ஆளைச் சொல்லச் சொல். டாக்டருக்கு ஒவ்வொருவரிடமும் கிடைப்பது சில நிமிஷம். அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ: எத்தனை நாளாகத் தூக்கமில்லை, எப்போதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைந்ததா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், மாதவிலக்கு எப்படி, பிரசவம் ஆகி எத்தனை மாதம், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, சாகும் எண்ணம் வந்ததா. கடைசி வரியை வாயால் சொல்ல முடியாவிட்டால் தாளை அப்படியே நீட்டிவிடு. தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் அலட்சியமாக விடாதே. தைராய்டு குறைந்தாலும் மனசு சோர்ந்துபோகும்.

யார் யார் என்று தெரிந்து வைத்துக்கொள். மாத்திரை எழுதக்கூடியவர் மனநல மருத்துவர், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். பேச்சுவழிச் சிகிச்சை தருபவர்களில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் முக்கியமானவர். அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். தயங்காமல் கேள், முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கவுன்சலர் என்ற போர்டை மட்டும் நம்பிப் போகாதே. நல்லவர்களும் உண்டு, சில வாரக் கோர்ஸ் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. என்ன படிப்பு, எங்கே பயிற்சி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போ. "மூணு சிட்டிங்ல சரியாக்கிடுவேன்" என்று உத்தரவாதம் தருகிறவரிடம் போகாதே. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடமும் போகாதே.

இனி அந்த இரண்டு வாரம். என் சித்தி மகள் குழந்தை பிறந்த மூன்றாம் மாதம் இப்படி ஆகி, நாங்கள் கூட்டிக்கொண்டு போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். ஐந்தாறு நாள் சாப்பிட்டாள். வயிற்றைப் புரட்டியது, பகலில் தூக்கம் சொக்கியது, மனசோ அப்படியேதான் இருந்தது. மாமியார் "பால் குடுக்கிறவளுக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார். அட்டையை அலமாரி மேல் போட்டுவிட்டாள். மறுபடியும் அதே இருட்டு வந்தது. அடுத்த முறை டாக்டர் அவள் புருஷனையும் மாமியாரையும் எதிரே உட்கார வைத்து விளக்கினார். மன அழுத்தத்துக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். குமட்டல் மாதிரித் தொல்லைகள் முதல் நாட்களிலேயே வரும், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற மருந்துகளும் இருக்கின்றன, டாக்டரிடம் சொல்லிவிட்டால் போதும். இவ்வளவும் முதல் தடவையே மூன்று பேர் காதிலும் விழுந்திருந்தால் அந்த அட்டை அலமாரிக்குப் போயிருக்காது. அதனால்தான் சொல்கிறேன்: முதல் தடவை போகும்போதே, மாத்திரையை நிறுத்தச் சொல்லக்கூடிய ஆள் யாரோ அவரையும் கூட்டிக்கொண்டு போ.

இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஒன்று கூடுதலாக. மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்குப் பதற்றமும் சாகும் எண்ணமும் அதிகமாகலாம். அப்படி ஆனால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நன்றாக ஆன பிறகும் பொதுவாக ஆறிலிருந்து ஒன்பது மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போதும் அவர் சொல்லித்தான், கொஞ்சம் கொஞ்சமாக. "பழகிடும்" என்ற பயம் பெரும்பாலும் தூக்க மாத்திரையைப் பற்றியது. அதில் பழக்கமாகும் வகைகள் உண்டு, அதனால்தான் டாக்டர்கள் அவற்றைக் கொஞ்ச நாளைக்கு மட்டும் தருவார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

மாத்திரை வேலை செய்து மனசு கொஞ்சம் நிலைப்பட்டதும் தெரபிக்கு வழி கேள். "எனக்குப் பேசுற சிகிச்சையும் வேணும், யார்கிட்ட போகலாம்?" என்று மருத்துவரிடமே கேட்டு, பெயரை எழுதி வாங்கு. சாதாரணமாக வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். முதல் இரண்டு தடவை உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பார், உனக்கு எதுவும் மாறாது. இங்கேயும் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அதற்கப்புறம்தான் வேலை ஆரம்பம். எண்ணங்களைப் பிரித்துப் பார்க்கும் சி.பி.டி. முறையில் ஒரு நோட்டு போடச் சொல்வார்கள். என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, நீ என்ன செய்தாய். ஒரு வரி இப்படி இருக்கும்: "மேனேஜர் 'பேசணும்'னு மெசேஜ் அனுப்பினார். வேலை போயிடும்னு நினைச்சேன். மத்தியானம் சாப்பிடலை. அவர் கேட்டது லீவு லிஸ்ட்." இப்படிப் பத்து வரி சேர்ந்ததும், உன் மனசு எந்த இடத்தில் ஓடிப்போய் விழுகிறது என்று உனக்கே தெரியும். அதை மாற்றுவதற்குத்தான் மற்ற வாரங்கள். இந்த முறை பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து இருபது அமர்வுக்குள் முடியும். ஆழமான காயங்கள் என்றால் நீளும்.

நீ சொல்வதை அவர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. உன் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மூன்று நான்கு தடவைக்குப் பிறகும் மனசு ஒட்டவில்லை என்றால் அவரிடமே சொல்லிவிட்டு வேறொருவரிடம் மாறு. ஆள் பொருந்தவில்லை என்பதற்காகச் சிகிச்சையையே விட வேண்டாம். சாதியைக் கேட்டால், புருஷனோடு அனுசரித்துப் போகச் சொல்லி உபதேசம் செய்தால், தேவையில்லாமல் தொட்டால், எழுந்து வந்துவிடு.

வீட்டில் தனி அறை இல்லாதவளுக்கு ஆன்லைன் தெரபி எப்படி என்று கேட்பாய். மொட்டைமாடியிலும் தோழி வீட்டிலும், பூங்கா பெஞ்சில் ஹெட்போன் போட்டுக்கொண்டும் பேசுகிறார்கள். வீடியோ வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று கேட்கலாம். யாராவது வந்தால் பேச்சை மாற்ற ஒரு வார்த்தையை முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளலாம். தனியாரில் கட்டணத்தை முதல் போனிலேயே கேட்டுவிடு. குறைத்துக்கொள்ள வழி உண்டா, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரலாமா என்றும் கேள். மனநோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் பல பாலிசிகள் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் தரும். உன் பாலிசியில் ஓ.பி. செலவு உண்டா என்று பார்த்துக்கொள்.

தெரபிஸ்டோடு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிவிடு. மறுபடி மோசமாகும்போது முதலில் என்ன தெரியும் (உனக்கு அது குளிக்காமல் இருப்பதாகவோ, போனை எடுக்காமல் இருப்பதாகவோ இருக்கலாம்), அப்போது நீயே செய்யக்கூடியது என்ன, யாரைக் கூப்பிடலாம், எந்த டாக்டர், எந்த எண். அதை போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வை.

ஒருநாள் காலையில் எழுந்து காபி ருசிக்கும், வெயில் நன்றாக இருக்கும், இன்றைக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று தோன்றும். அன்றைக்குத்தான் உனக்கு மூன்றாவது தேதி கொடுத்திருப்பார்கள். அக்கா சொல்கிறேன், அந்த ஒரு தேதிக்கு மட்டும் கட்டாயம் போய்விட்டு வா.