செரோட்டோனினும் நம் தீர்மானங்களும்

சினம் மிக்க வேளையில் நாம் செய்த தீர்மானம் மறுநாள் நம்மையே நாணச் செய்வதுண்டு. "நேற்று அவ்வாறு பேசியவர் நாம்தாமோ?" என்று நம்மை நாமே வினவிக்கொள்கின்றோம். இம்மாறுபாட்டிற்கு உடலிலும் ஒரு காரணம் உண்டோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1948-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து நகரத்தில், ராப்போர்ட், கிரீன், பேஜ் என்னும் மூவர் இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருளை இரத்தத்தினின்று பிரித்தெடுத்துச் செரோட்டோனின் எனப் பெயரிட்டனர். 1953-இல், டுவாராக் என்னும் அம்மையாரும் பேஜும் அது மூளையிலும் உண்டென வெளியிட்டனர். உடலிலுள்ள செரோட்டோனினிற் பெரும்பகுதி குடலிலேயே உள்ளது. அது மூளைக்குட் புக மாட்டாது. ஆதலின் மூளை தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. அதற்கு மூலப்பொருள் டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலம். இதனை நம் உடல் உண்டாக்க வல்லதன்று. பால், முட்டை, மீன், பருப்பு முதலிய உணவினின்றே பெறவேண்டும்.

இம்மூலப்பொருள் குறையின் தீர்மானம் மாறுமோ? இதனை அறிய ஆராய்ச்சியாளர் ஒரு விளையாட்டைக் கையாண்டனர். இருவருள் ஒருவர் ஒரு தொகையைப் பங்கிடுவார். மற்றவர் தமக்கு வந்த பங்கை ஏற்கலாம், அன்றி மறுக்கலாம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பத்து நாணயத்தில் இரண்டே கிடைப்பினும் அது இலாபந்தானே? எனினும் பலர், "இது நீதியன்று" என்று தம் நஷ்டத்தையும் பாராது மறுத்துவிடுகின்றனர்.

2008-இல் மாலி கிராக்கெட் என்னும் அம்மையாரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். ஒரு சிறு குழுவினர்க்கு ஒருநாள் டிரிப்டோபன் அற்ற பானமும், பிறிதொரு நாள் அஃதுள்ள பானமும் அளிக்கப்பட்டன. அஃது அற்ற பானத்தைப் பருகிய நாளில், அவர்கள் நீதியற்ற பங்குகளை மிகுதியாக மறுத்தனர். அன்று அவர்களுடைய மனமகிழ்ச்சி குன்றவில்லை; எது நீதி என்னும் மதிப்பீடும் மாறவில்லை; செயல் மட்டுமே மாறிற்று. 2010-இல் வெளியான மற்றொரு சோதனையில், செரோட்டோனினின் செயலை மிகுவிக்கும் மருந்தை உட்கொண்டோர் நீதியற்ற பங்கையும் முன்னினும் பொறுத்தனர். பிறர்க்கு நேரே தீங்கிழைக்கும் செயல்களைத் தகாதவை எனவும் மிகுதியாக மதிப்பிட்டனர்.

இதனால் செரோட்டோனினே நற்குணம் என்று கொள்ளலாகாது. அநீதியை மறுத்தல் எப்பொழுதும் குற்றமன்று. அநீதியைப் பொறுத்தல் எப்பொழுதும் குணமுமன்று. மேலும், சிறு குழுக்களிற் கண்டதைக் கொண்டு மக்கள் அனைவரையும் அளத்தல் அறிவுடைமையாகாது.

ஆயின், நம் செயலுக்கு நாம் பொறுப்பாளர் அல்லமோ? அவ்வாறு கூறுதல் பொருந்தாது. அநீதியை அறிதல் ஒன்று. அதற்கு எதிர் செய்தல் மற்றொன்று. அவ்விரண்டிற்கும் இடையே உடலின் நிலையும் புகுந்து செயற்படுகின்றது என்பதையே இச்சோதனைகள் காட்டுகின்றன. இதனை அறிந்த நமக்குப் பொறுப்பு மிகுமேயன்றிக் குறையாது. மனம் கொதிக்கும் வேளையில் எழுதிய கடிதத்தை மறுநாள் ஒருமுறை படித்த பின்னரே அனுப்புவோமாக. சினந்து பேசிய தோழனையும் ஒருநாட் சொல்லால் அளவாது, பல நாள் நடத்தையால் அளப்போமாக. உடலைப் பற்றிய கல்வி உள்ளத்தையும் பண்படுத்துமாயின், அதுவன்றோ நாம் கற்றதன் பயன்!