இரட்டிக்க இரட்டிக்க உடையாத எண்கள்

கரண்ட் போன மாலைகளிலும் பஸ் வரத் தாமதமாகும் நேரங்களிலும் நான் ஆடும் ஒரு கணக்கு விளையாட்டு உண்டு. ஓர் எண்ணை எழுதி, 2-ஆல் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். ஓர் எண்ணுக்குள் எந்த இலக்கமும் இரண்டு தடவை வராத வரை ஆட்டம் தொடரும். பல வருடங்களாக ஆடியதில் பிடிபட்ட சில உத்திகளைச் சொல்கிறேன்.

முதலில் சின்ன எண்களில் கை பழகுங்கள். 1-இல் தொடங்கினால் 2, 4, 8, 16 என்று 32768 வரை 16 எண்கள் தாக்குப்பிடிக்கும். அடுத்து வரும் 65536-இல் 5-உம் 6-உம் இரண்டிரண்டு. 3-இல் தொடங்கினால் 3072 வரை 11 எண்கள். 7-இல் தொடங்கினாலோ 14, 28, 56-ஓடு சரி. 112-இல் கதை முடிந்துவிடும்.

பிறகு 123456789-க்கு வாருங்கள்:

246913578
493827156
987654312
1975308624
3950617248

முதல் மூன்றிலும் 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒருமுறை மட்டுமே. கடைசி இரண்டில் 0-வும் சேர்ந்து பத்தும் வந்துவிடுகின்றன. ஆறாவது முறை இரட்டித்தால் 7901234496. அங்கே 4-உம் 9-உம் திரும்ப வருகின்றன.

ஏன் இவ்வளவு தூரம் வந்தது, ஏன் அங்கே உடைந்தது? இதைத் தேடியதுதான் எனக்கு இந்த விளையாட்டில் கிடைத்த பெரிய லாபம். 1-ஐ இரட்டித்தால் 2. 6-ஐ இரட்டித்தால் 12; எழுதுவது 2, மனதில் 1. ஆக 1-உம் 6-உம் ஒரே இலக்கத்துக்குப் போட்டியிடும் பங்காளிகள். 0–5, 2–7, 3–8, 4–9 ஜோடிகளும் அப்படியே. பங்காளிகள் இருவரும் ஒரே எண்ணில் இருந்தால், வலப்பக்கத்திலிருந்து வரும் அந்த ‘மனதில் 1’ மட்டுமே அவர்களைப் பிரித்துவைக்கும். எனவே ஒருவருக்கு வலப்பக்கம் 5 அல்லது அதைவிடப் பெரிய இலக்கம் இருக்க வேண்டும். மற்றவருக்கு இருக்கக் கூடாது. கடைசி இலக்கத்துக்கு வலப்பக்கம் யாருமில்லை, அதனால் அதற்கு எதுவும் வந்து சேராது.

3950617248-ஐ இப்போது பாருங்கள். 9-க்கு அடுத்து 5, 4-க்கு அடுத்து 8. இருவருக்குமே 1 கிடைக்கிறது. இருவரும் 9 ஆகிறார்கள். 7-க்கு அடுத்து 2, 2-க்கு அடுத்து 4. இருவருக்கும் கிடைக்கவில்லை; இருவரும் 4 ஆகிறார்கள். பெருக்கிப் பார்க்காமலே முடிவைச் சொல்லிவிடலாம்.

ஒன்பது இலக்க எண்ணுக்கு முன்னால் ஒரு 0 போட்டுக்கொள்வது நல்லது. 987654312-ஐ 0987654312 என்று எழுதினால், அந்த 0 எப்போது 1 ஆகி உள்ளே நுழையும் என்பதும் இதே விதியில் தெரிந்துவிடும்.

பத்து இலக்கங்கள்தான் இருக்கின்றன என்பதால், 9876543210-ஐத் தாண்டி எந்த எண்ணும் பிழைக்காது. 987654321 இந்தச் சுவரில்தான் முட்டுகிறது: 1975308642, 3950617284, 7901234568 என்று பழுதில்லாமல் வந்து, அடுத்த இரட்டிப்பில் 11 இலக்கமாகிவிடும்.

விடையைச் சரிபார்க்க 9 உதவும். 1 முதல் 9 வரை கூட்டினால் 45. ஆகவே அந்த ஒன்பது இலக்கமும் ஒவ்வொரு முறை வரும் எண் 9-ஆல் வகுபடும். எத்தனை முறை இரட்டித்தாலும் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 9-இன் மடங்காக வரவில்லையென்றால் பெருக்கலை மறுபடி பாருங்கள். கால்குலேட்டர் வேண்டுமென்றால் கடைகளில் வைத்திருக்கும் 12 இலக்க வகை வேண்டும். 8 இலக்கத்தில் இந்த எண்கள் அடங்காது.

இரட்டிப்பு சலித்தால் 5-ஆல் பெருக்குங்கள். 123456789 அப்போது 617283945 ஆகி, பிறகு 3086419725 ஆகும்; இரண்டும் பழுதில்லாதவை. 3-ஆல் பெருக்கினால் முதல் அடியிலேயே 370370367. இங்கே நிலைமை தலைகீழ்: 3-ஆல் பெருக்கும்போது பத்து இலக்கங்களுக்கும் தனித்தனிக் கடைசி இலக்கம் கிடைக்கிறது, பங்காளிச் சண்டையே இல்லை. மனதில் வைத்த 1-உம் 2-உம் வந்து சேர்ந்துதான் எல்லாவற்றையும் கலைக்கின்றன. இரட்டிப்பில் காப்பாற்றியதே இங்கே கெடுக்கிறது.

பிள்ளைகளோடு ஆடும்போது, பெருக்கும் முன் ஊகிக்கச் சொல்லுங்கள். உடையுமா, உடைந்தால் எந்த ஜோடியால் என்று அவர்கள் முதலில் சொல்ல வேண்டும். பெருக்கல் அதற்குப் பிறகு. தொடங்குவதற்கு 1023456789-ஐக் கொடுக்கலாம். இரண்டு முறை தாங்கி 4093827156 வரை வரும். மூன்றாவது முறை 0–5, 4–9 என இரண்டு ஜோடிகள் மோதும்.