சுழலாத வட்டு

லேக் மார்க்கெட் பக்கத்தில் நம்மவர் ஒருவர் கணக்கு எழுதும் அலுவலகம் ஒன்று நடத்தி வருகிறார். இரண்டே அறை, இரண்டு மேசை, சுவர் முழுதும் பேரேடுகள், ஒரே ஒரு கணிப்பொறி. சுற்றுப்புறத்துச் சிறு கடைக்காரர்கள் முப்பது நாற்பது பேருடைய ஜி.எஸ்.டி. கணக்கெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் என்னை அழைத்து, "தம்பி, நீ பௌதிகம் படிக்கிறவன். இதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா, இன்னும் உயிர் இருக்கிறதா, பார்த்துச் சொல்லேன்" என்றார். "பார்க்கிறேன் மாமா" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லால் விளைந்ததே இக்கட்டுரை.

அவர் குறை நியாயமானதே. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுக் கீழே இறங்கிக் காப்பி குடித்துத் திரும்பினாலும் திரையில் சிறு வளையம் சுழன்றுகொண்டே இருக்கும். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அளந்து பார்த்தேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து கணக்கு நிரல் திறக்கும்வரை 7 நிமிடமும் 20 வினாடியும் ஆயின். பெட்டி 2013-இல் வாங்கியது. "பழசாகிவிட்டது, அதனால் மெதுவாகிவிட்டது" என்று எல்லோரும் சொல்வதையே அவரும் சொன்னார். மாட்டுக்கு வயதாகலாம், செயலிக்கு அப்படி வயதாவதில்லை. வாங்கிய அன்று வினாடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ, இன்றும் ஏறக்குறைய அத்தனையே போடுகிறது. அப்படியானால் நேரம் எங்கே போகிறது?

இதை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை, கணிப்பொறியே சொல்லும். விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' என்ற பலகையைத் திறந்து பாருங்கள். மாமாவின் பெட்டியில் செயலி நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கே உழைத்துக்கொண்டிருந்தது. 'டிஸ்க்' என்ற வரியிலோ நூற்றுக்கு நூறு! சமையற்காரர் கரண்டியோடு நிற்கிறார். கடைக்குப் போன பையன் இன்னும் காய்கறி கொண்டு வரவில்லை. சமையற்காரரை மாற்றி என்ன பயன்?

அந்தப் பையன்தான் ஹார்டு டிஸ்க். அவன் ஏன் தாமதிக்கிறான் என்பதை அறிய ஊர்த் திருவிழாவின் ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குதிரைமேல் அமர்ந்திருக்கும் குழந்தையின் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுக்க வேண்டும். ராட்டினத்தை நிறுத்தக் கூடாது. குழந்தை சுற்றி வரும்வரை நீங்கள் நிற்கத்தான் வேண்டும். ஹார்டு டிஸ்கினுள் காந்தப் பூச்சுள்ள வட்டு சுழல்கிறது. அதன்மேல் ஒரு கை உள்ளும் புறமும் நகர்ந்து வேண்டிய தடத்தில் போய் நிற்கிறது. பிறகு வேண்டிய இடம் சுற்றி வருமட்டும் காத்திருக்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் வினாடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. சராசரிக் காத்திருப்பு அதில் பாதி, நாலு மில்லி வினாடிக்குச் சற்று அதிகம். கை நகர்வதற்கு ஒன்பது பத்து மில்லி வினாடி. ஆக, ஒரு துண்டுச் செய்தியை எடுக்க ஏறக்குறைய 14 மில்லி வினாடி.

இது அற்ப நேரம் என்று தோன்றும். ஆனால் விண்டோஸ் விழித்தெழும்போது ஒரு பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிப்பதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத் தேடி எடுக்கிறது. 20,000 துண்டுகள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அவற்றை 14-ஆல் பெருக்கினால் 280 வினாடி. நாலு நிமிடமும் நாற்பது வினாடியும். எஸ்.எஸ்.டி. ஒரு துண்டை எடுக்க ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மில்லி வினாடியே ஆகும். அதே 20,000 துண்டுகளுக்கு இரண்டு வினாடி. கடைகளில் 'வினாடிக்கு 550 மெகாபைட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்களே, அதைவிட இந்தச் சிறிய எண்ணே சிறு அலுவலகத்துக்கு முக்கியமானது.

இந்தக் காத்திருப்பு நம் நகரத்துக்குப் புதிதன்று. மகலனோபிஸ் நிறுவிய, பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு 1955-இல் இங்கிலாந்திலிருந்து 'எச்.இ.சி.-2எம்' என்ற பொறி வந்து சேர்ந்தது. இந்திய நாட்டின் முதல் மின்னணு எண்முறைக் கணிப்பொறி அதுவே. அதன் நினைவு முழுதும் ஒரு சுழலும் காந்த உருளையில் இருந்தது. கொள்ளளவு 1024 சொற்கள். வேண்டிய சொல் சுற்றி வரும்வரை அன்றும் பொறி காத்தே நின்றது. அடுத்த ஆண்டு, 1956-இல், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம் உருளைக்குப் பதில் 24 அங்குல வட்டுகள் ஐம்பதை ஓர் அச்சில் கோத்து விற்றது. அதில் அடங்கியவை ஐம்பது லட்சம் எழுத்துகள். கணக்குப் போடும் பகுதியில் வால்வு போய் டிரான்ஸிஸ்டர் வந்தது; டிரான்ஸிஸ்டர் போய்ச் சில்லு வந்தது. யாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் புள்ளியியல் கழகமும் சேர்ந்து சமைத்த 'இசிஜு' என்னும் டிரான்ஸிஸ்டர்க் கணிப்பொறி 1966-இல் இந்நகரிலேயே இயங்கத் தொடங்கியது. எல்லாம் மாறியும் சேமிப்பது மட்டும் சுழன்றுகொண்டே இருந்தது. பராநகர் உருளைக்கும் லேக் மார்க்கெட் பெட்டிக்கும் அந்த ஒரு வகையில் உறவு உண்டு.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவுமில்லை. அதன் உள்ளே நடப்பது நம் வகுப்பில் கரும்பலகையில் மட்டும் காணும் ஒரு விந்தை. ஒரு நுண்ணிய அறையைக் கற்பனை செய்யுங்கள். அதைச் சுற்றிலும் மின்சாரம் கடத்தாத சுவர். சுவரின் கனம் சுமார் பத்து நானோமீட்டரோ அதற்கும் குறைவோ. அறைக்குள் எலெக்ட்ரான்கள் இருந்தால் ஒரு குறி. இல்லாவிட்டால் மற்றொரு குறி. கதவே இல்லாத அறைக்குள் எலெக்ட்ரான் எப்படி நுழையும்? சுவரைத் தாண்டும் ஆற்றல் இல்லாத துகளும் மறுபுறத்தில் தோன்றும் வாய்ப்பு உண்டு என்கிறது குவாண்டம் இயல். இருபது வோல்ட் அளவுக்கு அழுத்தம் கொடுத்தால் சுவர் மெலிந்தாற்போல் ஆகி, எலெக்ட்ரான்கள் ஊடுருவி உள்ளே புகுகின்றன. அழுத்தத்தை எடுத்துவிட்டால் உள்ளே சிறைப்பட்டுவிடுகின்றன. மின்சாரம் நின்ற பிறகும் செய்தி அழியாமல் இருப்பது இதனாலேயே. இவ்வகை அறையை 1967-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் காங், சே என்ற இருவர் வெளியிட்டனர். அதை மலிவான பெருநினைவாக்கும் வழியை 1980-களில் ஜப்பானில் தோஷிபாவின் மசுவோகா கண்டார்.

ஒரு குறையும் உண்டு. நம் சிலேட்டில் ஓர் எழுத்தை மட்டும் விரலால் அழிக்கலாம். இங்கே ஒரு சிலேட்டு முழுவதையும் ஒருங்கே துடைத்தால்தான் மறுபடி எழுதலாம். துடைக்குந்தோறும் சுவர் சிறிது நைகிறது. ஆகவே ஆயுள் அளவுடையது. "அப்படியானால் சீக்கிரம் போய்விடுமே!" என்று மாமா அஞ்சினார். நாங்கள் வாங்கிய 240 கிகாபைட் வட்டின் காகிதத்தில் 80 டெராபைட் எழுதலாம் என்று போட்டிருந்தது. நாள்தோறும் 10 கிகாபைட் எழுதினாலும் 8000 நாள்; ஏறக்குறைய 22 ஆண்டு. அதற்குமுன் வேறு ஏதேனும் ஓர் உறுப்புப் பழுதாவதே இயல்பு.

வாங்குவதற்குச் சாந்தினி சௌக் போனேன். கடைக்கார தாதா (இங்கே அண்ணனைத் தாதா என்பர், நம்மூரில் அச்சொல்லுக்குள்ள பொருள் வேறு) முதலில் கேட்ட கேள்விக்கே எனக்கு விடை தெரியவில்லை. "உன் போர்டில் எம்-டூ இடம் உண்டா?" என்றார். எஸ்.எஸ்.டி. இரு வடிவில் வருகிறது. ஒன்று, இரண்டரை அங்குலப் பெட்டி. பழைய டிஸ்கின் சாட்டா வடமும் மின்வடமும் அப்படியே இதற்குப் பொருந்தும். மற்றது, சூயிங்கம் பட்டை போன்ற எம்-டூ. அதிலும் சாட்டா என்றும் என்.வி.எம்.இ. என்றும் இரு சாதி, உருவம் ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமற் போகலாம். 2013-ஆம் ஆண்டுப் பெட்டிக்கு இரண்டரை அங்குலமே போதும். கடைக்குப் போகுமுன் பெட்டியைத் திறந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கு ஒரு மெட்ரோப் பயணம் வீணாயிற்று.

இனி என் தவறு. புதிய வட்டு கையில் வந்ததும் எனக்குப் பொறுமை இல்லை. பழைய டிஸ்கை அப்படியே அச்சுப் படியெடுக்கும் நிரல் ஒன்றை ஓட்டிவிட்டேன். 43 பங்கு ஆனதும் நின்றது. பெட்டிக்குள்ளிருந்து 'டக், டக்' என்று ஓசை கேட்டது. மறுமுறை பொத்தானை அழுத்தியபோது விண்டோஸ் எழவே இல்லை. "கணக்கு இருக்கிறதா, தம்பி?" என்று மாமா ஒரே ஒரு முறை கேட்டார். அடுத்த வாரம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் நாள். நான் விடை சொல்லாமல் பேரேடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடந்தது இதுதான்: மெதுவாய் இருந்த அந்த டிஸ்க் உண்மையில் செத்துக்கொண்டிருந்தது. பழுதான இடங்களைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்றதும் தாமதத்துக்கு ஒரு காரணம். ஒவ்வொரு டிஸ்கும் தன் நோய்க்குறிப்பைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது; 'ஸ்மார்ட்' என்பது அதன் பெயர். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல் அதை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவிடவில்லை. செலவிட்டிருந்தால், கணக்குக் கோப்புகளை மட்டும் முதலில் வெளியே எடுத்திருப்பேன். அவை முழுதும் சேர்ந்து நாலு கிகாபைட்கூட இல்லை.

டிஸ்கைக் கழற்றி விடுதிக்குக் கொண்டுவந்து, லினக்ஸ் ஓடும் என் கணிப்பொறியில் இணைத்து, 'டி.டி.ரெஸ்கியூ' என்னும் நிரலை ஓட்டினேன். அது நல்ல இடங்களை முதலில் படித்து எடுத்துவிட்டுக் கெட்ட இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கும். சாகும் டிஸ்குக்கு ஏற்ற முறை அதுவே. இரண்டு இரவும் ஒரு பகலும் ஓடியது. ஒரு மளிகைக் கடையின் இரண்டு மாதக் கணக்கைத் தவிர மற்றவை அனைத்தும் வந்துவிட்டன. அந்த இரண்டு மாதமும் காகிதப் பேரேட்டில் இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து தட்டச்சு செய்தேன்.

பொருத்தும் வேலை அரைமணிகூட இல்லை. மின்வடத்தைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கப் பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொள்ள வேண்டும். மழைக்காலத்து ஈரக் காற்றில் அபாயம் குறைவு, தை மாத வறண்ட காற்றில் கூடுதல். இரண்டரை அங்குல வட்டு மூன்றரை அங்குல இடத்தில் உட்காராது; மலிவான தகரச் சட்டம் ஒன்று விற்கிறது. பயாஸில் சாட்டா முறை 'ஏ.எச்.சி.ஐ.' என்று இருக்கிறதா எனப் பார்த்த பிறகே விண்டோஸை நிறுவ வேண்டும். நிறுவிய பின் மாற்றினால் விண்டோஸ் எழாமற் போகலாம். படியெடுக்காமல் புதிதாகவே நிறுவினேன். கணக்கு நிரலின் உரிம எண்ணை மாமா ஒரு பேரேட்டின் அட்டையில் எழுதி வைத்திருந்தது உதவிற்று. ரேம் 4 கிகாபைட்டே இருந்தது. ரேம் போதாவிடில் கணிப்பொறி டிஸ்கையே ரேமாக ஆக்கிக்கொண்டு மேலும் உழலும். அதனால் இன்னொரு 4 கிகாபைட்டும் சேர்த்தோம். பொத்தானிலிருந்து கணக்கு நிரல்வரை இப்போது 48 வினாடி. செலவு, புதிய கணிப்பொறியின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

எஸ்.எஸ்.டி. தீர்க்காத குறையும் ஒன்று உண்டு. 2013-இன் செயலியில் விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றன. ஆகவே கணக்குகளை அந்தப் பெட்டியில் வைத்துக்கொண்டு, மின்னஞ்சலையும் வங்கி வேலையையும் வேறு கருவியில் செய்யும்படி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். ஓரிரண்டு ஆண்டுக்குள் புதுப்பெட்டி வாங்கினால் இந்த எஸ்.எஸ்.டி.யை அதிலும் மாட்டலாம்.

வட்டில் ஐந்தில் ஒரு பங்கேனும் காலியாக விடுவது நல்லது. துடைத்து எழுத அதற்கு இடம் வேண்டும். ஹார்டு டிஸ்குக்குச் செய்த 'டீஃப்ராக்' இதற்கு வேண்டா. அழித்த கோப்பை மீட்கும் வித்தையெல்லாம் எஸ்.எஸ்.டி.யில் பெரும்பாலும் பலிக்காது. ஹார்டு டிஸ்க் சாகுமுன் முனகும், எஸ்.எஸ்.டி. முன்னறிவிப்பின்றி ஒரு காலையில் ஊமையாகிவிடலாம். எனவே வெளியில் ஒரு படி கட்டாயம் வேண்டும். அந்தப் படிக்கு இன்னொரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் பரணில் போட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி, அதிலும் இவ்வூர்ச் சித்திரை வெயிலில் கிடந்தால், சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் மெல்லக் கசியக்கூடும். அதற்குச் சுழலும் வட்டே ஏற்றது! மாமா வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கினார். சனிக்கிழமைதோறும் அலுவலகம் பூட்டுமுன் அதில் படி எடுக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு கடையின் கணக்கை அதிலிருந்தே திறந்து, படிக்க முடிகிறதா என்று பார்க்கிறார்.

பழைய டிஸ்கைக் காயலான்காரர் எடைக்குக் கேட்டார். கடைக்காரர்களின் வரவுசெலவு முழுதும் அதில் இருக்கிறதே என்று கொடுக்க மறுத்துவிட்டோம். நட்சத்திரத் திருப்புளி ஒன்றைக் கடன் வாங்கி நானும் மாமாவும் அதைத் திறந்தோம். உள்ளே வட்டு முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளத்தது. ஓரிடத்தில் மட்டும் மயிரிழைபோல் ஒரு வளையக் கீறல். அந்த மளிகைக் கடையின் இரண்டு மாதம் அங்கேதான் இருந்திருக்கும் போலும். மேலும் நாலைந்து கோடுகள் ஆணியால் ஆழக் கீறிவிட்டு அதை மின்கழிவு சேர்ப்பவரிடம் கொடுத்தோம்.