கடல் மீன் தொட்டியில் புது மீன் விடும் முன்



கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வருடம் நன்றாக ஓடிய தொட்டி, புதிதாக ஒரே ஒரு மீன் வாங்கி விட்டதும் இரண்டே வாரத்தில் மொத்தமும் காலி என்பார்கள். "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று திட்டுவதும் உண்டு. பெரும்பாலும் காரணம் வேறு.

கடலே இல்லாத தா.பழூரில் இந்தப் பேச்சு எதற்கு என்கிறீர்களா? நம் பக்கம் ஓடும் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குச் சற்று வடக்கே பரங்கிப்பேட்டை. அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். நம்மவர் வீட்டுக்கும் ஒருநாள் பாலிதீன் பையில் அது வந்து சேரலாம்.

முதல் ஆபத்து அந்தப் பைதான். வழியெல்லாம் மீன் மூச்சு விட, பைத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்குகிறது. மீன் கழிக்கும் அம்மோனியாவும் சேர்கிறது. ஆனால் பி.எச். குறைவாக இருப்பதால் அது பெரும்பாலும் அம்மோனியம் அயனியாகவே கிடக்கும். அவ்வளவு கெடுதல் இல்லை. பையைத் திறந்தீர்களோ, கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும், பி.எச். ஏறும், அம்மோனியம் விஷ அம்மோனியாவாக மாறும். பி.எச். 7-லிருந்து 8-க்குப் போனால் விஷத்தின் பங்கு ஏறக்குறைய 10 மடங்கு! மடக்கை அளவு என்று முதலாண்டில் மனப்பாடம் செய்தோமே, அது இங்கே உயிரோடு விளையாடுகிறது. ஆகவே திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்ப்பது நல்லதல்ல. மூடிய பையை 20 நிமிடம் மிதக்க விட்டு, வெப்பநிலை சமமானதும் திறந்து, மீனை மட்டும் உடனே மாற்ற வேண்டும். பைத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள்.

எதில் மாற்றுவது? பழைய தொட்டியில் அல்ல, தனித் தொட்டியில். கடையில் உப்பு எவ்வளவு என்று முன்பே கேட்டு, அதே அளவில் தண்ணீர் தயாரித்து வைக்கவும். கடை 1.020, நம் தொட்டி 1.025 ஒப்படர்த்தி என்றால் சில நாள் எடுத்துக்கொண்டு மெதுவாக ஏற்றலாம்.

தனித் தொட்டியில் குறைந்தது 4 வாரம். இதைத்தான் எல்லாரும் "நல்லாத்தானே நீந்துது" என்று விட்டுவிடுகிறார்கள். வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி மீன் உடம்பில் சில நாள்தான் தங்கும். பிறகு உதிர்ந்து அடியில் கூடு கட்டிப் பெருகும். புள்ளி மறைந்ததும் நோய் போச்சு என்று நினைப்போம். கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் திரும்ப வரும். செம்பு மருந்து இதைக் கொல்லும். ஆனால் இறால், பவளம் போன்றவற்றையும் கொல்லும். தொட்டியிலுள்ள சுண்ணாம்புக் கல் செம்பை உறிஞ்சியும் விடும். அதனால் பெரிய தொட்டியில் மருந்து ஊற்றவே முடியாது. வெறும் கண்ணாடித் தொட்டி, ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு, காற்று பம்பு, ஸ்பாஞ்சு வடிகட்டி: இவ்வளவு போதும்.

நாள் முடிந்து பெரிய தொட்டியில் விடும்போது விளக்கை அணைத்து, பழைய மீன்களுக்கு முதலில் தீனி போட்டு, கற்களைக் கொஞ்சம் இடம் மாற்றி வையுங்கள். தன் எல்லை எதுவென்று பழைய மீனுக்கே குழம்பிப்போகும், சண்டை குறையும். ஒரு தடவைக்கு ஒரு மீன்தான். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதற்கேற்பப் பெருக வேண்டுமே.

கடற்குதிரை தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்கிவிடாதீர்கள். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.