‘டை’க்கு விழுந்த சிவப்பு வட்டம்

பதினோராம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. வேதியியல் தாளில் அடுத்தடுத்து இரண்டு சேர்மங்களுக்குப் பெயர் கேட்டிருந்தார்கள். முதலாவதில் ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜன். இதை எழுதுகிறவர் ‘கார்பன் டைஆக்சைடு’ என்று எழுதினார்; மதிப்பெண் விழுந்தது. இரண்டாவதில் ஒரு கால்சியம், இரண்டு குளோரின். அதே கணக்கில் ‘கால்சியம் டைகுளோரைடு’ என்று எழுதினார். சிவப்பு மையில் வட்டம் விழுந்தது. எழுந்து காரணம் கேட்டதற்குக் கிடைத்த பதில்: “அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ.”

பண்ணிக்கொண்டார். பொதுத்தேர்வு முடிந்த கையோடு மறந்தும் போனார்.

இருபது வருடம் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண் நோட்டும் கையுமாக வந்து நின்றாள். “மாமா, கார்பனுக்கு டை வருது, கால்சியத்துக்கு மட்டும் ஏன் வரல?” அந்தக் கேள்விக்கு விடை தனக்கு இன்றுவரை தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டுப் பழைய புத்தகங்களைப் புரட்டினார். ஒரு நாள் என்பது இரண்டு மாத மாலைகளாக நீண்டது.

விடை இவ்வளவுதான். கால்சியம் சேர்மமாகும்போது இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிடும். குளோரின் ஒன்றைத்தான் வாங்கும். ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரின் என்பதில் பேரத்துக்கே இடமில்லை. சைக்கிளை யாரும் ‘இரண்டு சக்கர சைக்கிள்’ என்று சொல்வதில்லையே, அதைப் போல. கார்பனும் ஆக்சிஜனும் அப்படியல்ல. இரண்டும் எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பங்கு போடும் விதமும் ஒன்றல்ல. அடைத்த அறையில் கரியடுப்பு மூட்டினால் உயிரைக் குடிப்பது மோனாக்சைடு, சோடா பாட்டிலில் பொங்குவது டைஆக்சைடு. நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் அரை டஜன் சேர்மங்கள் கிடைக்கும். எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் எது எது என்று தெரியாது. கணக்கு தானே வந்துவிடும் இடத்தில் பெயர் எண்ணைச் சொல்வதில்லை. வராத இடத்தில் சொல்கிறது.

ஆகவே பெயர் வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது கொடுக்கல் வாங்கலா, பங்காளிச் சொத்தா? அந்தப் பெண் தன் நோட்டின் ஓரத்தில் ‘கொ’, ‘ப’ என்று குறித்துக்கொண்டுதான் பெயர் எழுதவே தொடங்கினாள். பாதித் தவறுகள் அதிலேயே போயின.

பங்கு போடும் இந்தக் கருத்தை 1916இல் முன்வைத்தவர் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ். அணுவைச் சுற்றிப் புள்ளி வைத்து நாம் போடும் படங்கள் அவர் கொடுத்தவை. ஆங்கிலத்தில் இந்தப் பிணைப்புக்கு இன்றிருக்கும் பெயர் லாங்மியூர் 1919இல் புழக்கத்தில் விட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல் இதைச் ‘சகப்பிணைப்பு’ என்கிறது. இலங்கைப் பாடநூல் ‘பங்கீட்டு’ என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. இந்த விஷயத்தில் இதை எழுதுகிறவர் இலங்கையின் கட்சி.

அடுத்த தடுக்கல், உப்பு. சோடியத்துக்கும் குளோரினுக்கும் நடுவே ஒரு கோடு போட்டு, ‘உப்பு மூலக்கூறு’ என்று எழுதாத மாணவர் அபூர்வம். பிராக் குடும்பத்துத் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு 1913 வாக்கில் உப்புப் படிகத்தின் உள்ளமைப்பைக் கண்டறிந்தார்கள். ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடையும் சுற்றி ஆறு சோடியம். இதில் யாருக்கு யார் ஜோடி? வாய்பாட்டில் இருப்பது ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் மட்டுமே. இதை ஏற்க மனமில்லாமல், எண்பதை நெருங்கிய ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1927இல் ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதிச் சண்டையே போட்டார். உப்பைச் சதுரங்கப் பலகை ஆக்கிவிட்டார்கள் என்பது அவர் ஆத்திரம். அவருக்கே குழப்பம் என்றால் பதினாறு வயதுப் பிள்ளையைத் திட்டுவதில் நியாயமில்லை.

இரும்பு போலச் சுமை மாறும் உலோகங்களுக்குப் பெயரில் சேர்க்கும் ரோமன் எண்ணில்தான் அதிகம் வழுக்கியது. ‘இரும்பு, ரோமன் மூன்று, சல்பேட்’ என்றால் மூன்று இரும்பு இருப்பதாக அவள் நினைத்தாள். அது அணுக்களின் எண்ணிக்கை இல்லை. ஒவ்வொரு இரும்பின் மின்சுமை. கண்டுபிடிக்க, பின்பக்கமிருந்து வர வேண்டும். ஒரு சல்பேட்டின் கடன் இரண்டு, மூன்று சல்பேட்டுக்கு ஆறு, அதை இரண்டு இரும்பு அடைக்கின்றன, தலைக்கு மூன்று. ஒரு இரும்பும் ஒரு சல்பேட்டும் மட்டும் இருந்தால் ரோமன் இரண்டு. பழைய பெயர் பெரஸ் சல்பேட். ரத்தசோகைக்குத் தரும் மாத்திரை அட்டையில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். நாட்டு மருந்துக் கடையில் இதுவே அன்னபேதி.

இந்தச் சின்ன எண்ணுக்கு இவ்வளவு மெனக்கெடுவானேன் என்பவர்கள் சித்த மருத்துவத்தின் பூரத்தையும் வீரத்தையும் பார்க்கட்டும். இரண்டிலும் இருப்பவை பாதரசமும் குளோரினும்தான். பூரத்தில் பாதரசத்தின் சுமை ஒன்று, வீரத்தில் இரண்டு. பூரம் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. வீரம் கரையும், கொடிய நஞ்சு. பூரமும் சாது அல்ல. ஒரு காலத்தில் மேல்நாட்டில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த பொடியில் அதைச் சேர்த்து நோயை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ரோமன் எண் முறையை 1919இல் முன்மொழிந்தவர் ஜெர்மானியரான ஆல்ஃபிரட் ஸ்டாக். ஆய்வகத்துப் பாதரச ஆவியைப் பல வருடம் சுவாசித்து அவரே நஞ்சேறி அவதிப்பட்டார். 1926இல் அந்த ஆபத்தைப் பற்றி எழுதி உலகை எச்சரித்தார்.

பெயரின் வால் விஷயத்துக்கு வீட்டைச் சுற்றி வந்தாலே போதும். சமையல் உப்பு, குளோரைடு. கழிப்பறையில் ஊற்றும் பிளீச்சிங் திரவம், ஹைப்போகுளோரைட். தீக்குச்சித் தலையில் இருப்பது குளோரேட். ‘ஐடு’ என்றால் தனி ஆள். ‘ஐட்’, ‘ஏட்’ என்றால் ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார், ‘ஏட்’டில் கூட்டம் அதிகம். அயோடின் உப்புக்கு இந்தியாவில் பொதுவாகச் சேர்ப்பது அயோடைடு இல்லை, பொட்டாசியம் அயோடேட். அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்வதைவிட அலமாரி டப்பாக்களைப் படிப்பது அவளுக்கு எளிதாக இருந்தது. (அவள் அம்மாவுக்குத்தான் எரிச்சல்.)

சகப்பிணைப்பு பலவீனமானது என்ற நம்பிக்கையை உடைக்கக் கற்பூரமும் மணலும் உதவின. கற்பூரம் திறந்து வைத்தால் கரைந்து காணாமல் போகிறது. ஆனால் மூக்குக்கு வருவது முழுக் கற்பூர மூலக்கூறு. உள்ளே ஒரு பிணைப்பும் அறுபடவில்லை, மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு விலகியிருக்கின்றன, அவ்வளவே. மணலிலும் சகப்பிணைப்புதான். அங்கே தனித்தனி மூலக்கூறு இல்லாமல் துணி நெய்தது போல எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது. அதை உருக்கச் சுமார் 1700 டிகிரி செல்சியஸ் வேண்டும். உப்புக்கு 801 போதும்.

‘உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனி’, அதாவது கொடுக்கல் வாங்கல், என்ற சூத்திரத்தை முழுதாக நம்பியதற்கும் அடி கிடைத்தது. உரக்கடை அம்மோனியம் சல்பேட்டில் உலோகமே இல்லை; இருந்தும் அயனிச் சேர்மம். அம்மோனியத்துக்குள்ளும் சல்பேட்டுக்குள்ளும் பங்காளிச் சொத்து, இரண்டுக்கும் நடுவில் கொடுக்கல் வாங்கல்.

கடைசியாக அலுமினியம் குளோரைடு வந்தது. உலோகம் இருக்கிறது, ஆனால் சுமார் 180 டிகிரியிலேயே உருகாமல் ஆவியாகிவிடுகிறது, ஆவியில் இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் பங்காளிகளாய்ச் சேர்ந்த மூலக்கூறு. அவள் ஓரத்தில் ‘கொ’ எழுதி அடித்தாள், ‘ப’ எழுதினாள், அதையும் அடித்தாள்.

“அப்போ இதுக்கு ட்ரைகுளோரைடுன்னு போடலாமா மாமா?”

“போடறவங்க இருக்காங்க. பரீட்சையில மட்டும் போட்டுடாதே.”