வீடு உயரவில்லை, நிலம் இறங்குகிறது

கேள்வி: மலேசியாவின் கோல லங்காட் பக்கம் எனக்கு நாலு ஏக்கர் செம்பனை இருக்கிறது. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த காசில் வாங்கிய நிலம். கறுப்பு மண், மண்வெட்டி போட்டால் பாதி மண், பாதி மக்கிய மரம். 1994இல் வீடு கட்டியபோது வாசலுக்கு இரண்டு படி வைத்தோம். இன்று ஏழு படி. வீடு ஆழத்துக்குத் தூண் இறக்கிப் பைலிங் போட்டது, ஒரு விரிசல்கூட இல்லை. ஆனால் செம்பனைகள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. போன வெயில் காலத்தில் பக்கத்து நிலத்தில் தரைக்குள்ளேயே தீப்பிடித்து மூன்று வாரம் புகைந்தது. நடுவில் நல்ல மழை பெய்தும் அணையவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பேத்தி, "தாத்தா, இது பீட் மண். எல்லாம் பருவநிலை மாற்றத்தால் வருவது" என்கிறாள். பக்கத்துத் தோட்டக்காரரோ, "பாரிட் வாய்க்காலை இன்னும் ஆழமாக வெட்டுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். யார் சொல்வது சரி? நான் என்ன செய்வது?

பதில்: ஐயா, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாரிட்டை ஆழமாக வெட்ட வேண்டாம். உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். மழைக்காலத்தில் வேர் ஊறி மரம் மஞ்சளடிப்பதைப் பார்த்தவர் வேறெப்படியும் சொல்லமாட்டார். ஆனால் உங்கள் வாசலில் கூடிய ஐந்து படிகளும் அந்தப் பாரிட்டால் வந்தவை.

ஒரு படி 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து படி 1 மீட்டர். முப்பது ஆண்டில் 1 மீட்டர் என்றால் ஆண்டுக்கு 3 செ.மீ.க்குச் சற்று மேல். சுமத்ராவின் பீட் நிலத் தோட்டங்களில் கம்பம் நட்டு அளந்து பார்த்திருக்கிறார்கள். வடிகால் வெட்டிய முதல் ஐந்து ஆண்டிலேயே தரை சுமார் 1.4 மீட்டர் இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. உங்கள் நிலத்தில் அந்த முதல் பெரிய இறக்கம் வீடு கட்டுவதற்கு முன்பே முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். வீடு அடியிலிருக்கும் களிமண்ணில் காலூன்றி நிற்கிறது. நிலம் அதை விட்டுவிட்டுக் கீழே போகிறது. மரங்களுக்குப் பைலிங் கிடையாது. பிடிமானம் தளர்ந்த பக்கமாகச் சாய்கின்றன.

அத்தனை மண்ணும் எங்கே போனது? வாரிக்கொண்டு போனவர் யாரும் இல்லையே!

வெட்டுப்படாத பீட் காட்டுக்குள் போய்த் தரையிலிருந்து ஒரு கை மண் அள்ளிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் கோப்பி ஓ என்னும் கடுங்கோப்பி நிறத்தில் தண்ணீர் வழியும். வழிந்துகொண்டே இருக்கும். கடைசியில் உள்ளங்கையில் மிஞ்சுவது ஓர் இலை நரம்பு, நாலைந்து வேர்த்துண்டு, ஒரு சிட்டிகை பசை. நான் முதன்முதலில் பிழிந்தபோது இவ்வளவுதானா என்று திகைத்து நின்றேன். கனத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மிச்சம் ஏறக்குறைய முழுவதும் செத்த செடி. களிமண், மணல் என்று நாம் சொல்லும் மண் அதில் இல்லவே இல்லை என்று சொல்லலாம். தண்ணீரை வடித்தால் முதலில் அது அமுங்கும். பிறகு காற்றுப் பட்டு மட்கும். மட்கியது கரியமில வாயுவாக மேலே போய்விடும். உங்கள் ஒரு மீட்டர் நிலத்தில் பெரும் பங்கு இப்படி வானத்துக்குப் போய்விட்டது.

செத்த செடி மட்குவதுதானே இயல்பு, இத்தனை ஆயிரம் ஆண்டு ஏன் மட்காமல் கிடந்தது என்று உங்கள் பேத்தி கேட்கக்கூடும். தண்ணீருக்கு அடியில் ஆக்சிஜன் இல்லை என்பது பாதி விடை. மீதியை வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ஃப்ரீமனும் உடனிருந்தவர்களும் 2001இல் சொன்னார்கள். செடிகளில் ஃபீனால் வகைப் பொருள்கள் இருக்கின்றன. தேயிலைக்குத் துவர்ப்பைத் தருவதும் இந்த வகைதான். அவை மட்கச் செய்யும் நொதிகளின் கையைக் கட்டிப்போடுகின்றன. அந்த ஃபீனாலைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. ஆனால் அது வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் நிற்கும்வரை அந்த நொதி முடங்கிக் கிடக்கும். தண்ணீர் இறங்கிக் காற்று நுழைந்ததும் அது விழித்துக்கொள்ளும், ஃபீனால் அழியும், கட்டுண்ட மற்ற நொதிகள் எல்லாம் அவிழ்ந்துவிடும். ஒரு பூட்டு திறந்தால் வீடு முழுக்கத் திறந்த மாதிரி. மோசம் என்னவென்றால், மறுபடி தண்ணீர் நிரப்பினாலும் அழிந்த ஃபீனால் உடனே திரும்பி வருவதில்லை. இந்தப் பூட்டைப் பற்றிப் படித்த நாளிலிருந்து பீட் நிலத்தில் எங்கே போனாலும் நான் முதலில் பார்ப்பது தண்ணீர் எத்தனை சாண் கீழே நிற்கிறது என்பதைத்தான்.

பீட் வளர்வது ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். நீங்கள் இழந்த 1 மீட்டர், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுச் சேமிப்பு.

இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில் பீட் நிலத்தை வடித்தபோது, 1851இல் ஓர் இரும்புத் தூணைத் தரை மட்டத்துக்குச் சமமாகக் களிமண்வரை இறக்கி நட்டார்கள். இன்று அது தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் நிமிர்ந்து நிற்கிறது. உங்கள் வாசற்படியின் மூத்த அண்ணன் அது.

இனித் தீ. மழை பெய்தும் அணையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பீட் கொழுந்துவிட்டு எரிவதில்லை, உமிக்குவியல் மாதிரி கனல்கிறது. மேலே சாம்பல் போர்வை, கீழே கங்கு. ஒரேயடியாகக் காய்ந்துவிட்ட பீட்டுக்கு இன்னொரு குணம் உண்டு: அது தண்ணீரைக் குடிக்காது. மழைத்துளி அதன்மேல் உருண்டோடிவிடும். இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் எரிந்த நிலமொன்றில், முன்னால் போனவர் கம்பால் குத்திக் குத்திப் பார்த்த பிறகே நாங்கள் அடியெடுத்து வைத்தோம். மேலே புல்கூடப் பச்சையாக இருந்தது. கம்பு ஓரிடத்தில் சட்டென்று முழங்கை ஆழம் இறங்கியது. உருவியபோது நுனி கருகிப் புகைந்தது. இத்தகைய தீ அணைய வேண்டுமானால் தண்ணீர் கீழிருந்து ஏறி வர வேண்டும். மேலிருந்து ஊற்றுவது போதாது.

அந்தக் கலிமந்தான் கதையைச் சொல்லாமல் உங்கள் கேள்விக்குப் பதில் முழுமையாகாது. 1996இல் இந்தோனேசிய அரசு அங்கே பத்து லட்சம் ஹெக்டேரை நெல் வயலாக்கக் கிளம்பியது. 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டினார்கள். அமிலம் மிகுந்த அந்த மண்ணில் நெல் வரவில்லை. தண்ணீர் மட்டும் வடிந்து போனது. மறு ஆண்டே எல் நினோ வறட்சி வந்தது. காய்ந்து கிடந்த நிலம் பற்றிக்கொண்டது. எரிந்த இடங்களில் சராசரியாக அரை மீட்டர் ஆழத்துக்குப் பீட் போய்விட்டது. 1997 தீயில் இந்தோனேசியாவின் பீட்டும் காடுமாகச் சேர்ந்து வெளியேற்றிய கார்பன் 81 கோடி டன்னிலிருந்து 257 கோடி டன்வரை இருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். அன்று உலகம் முழுவதும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்து ஓராண்டில் வெளியேற்றியதில் 13 முதல் 40 விழுக்காடு. அந்த ஆண்டின் புகைமூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்த யாரும் அதை மறக்கமாட்டார்கள்.

எல் நினோ அதற்கு முன்பும் எத்தனையோ முறை வந்து போயிருக்கிறது. வெட்டுப்படாத ஈரக்காடு அவற்றைத் தாங்கி நின்றது. கால்வாய் வந்த பிறகு வந்த எல் நினோதான் ஊரை எரித்தது. ஆகவே உங்கள் வாசலில் நடப்பதற்கு முதற்காரணம் பருவநிலை அல்ல, பாரிட். இதைச் சொல்லிவிட்டு, உங்கள் பேத்தி பக்கமும் நிற்க வேண்டியவன் நான். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. உலகின் நிலப்பரப்பில் வெறும் 3 விழுக்காடுதான் பீட். அதற்குள் சுமார் 60,000 கோடி டன் கார்பன் இருக்கிறது. பூமியிலுள்ள எல்லாக் காட்டு மரங்களும் சுமப்பதைவிட அதிகம். வடித்த பீட் காற்றை வெப்பமாக்குகிறது, வெப்பம் வறட்சியைக் கடுமையாக்குகிறது, வறட்சி மீண்டும் பீட்டைக் காய்ச்சுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன.

கால்வாயே வெட்டாத பீட்டையும் பருவநிலை விட்டுவைக்காது என்பதற்குச் சான்று உண்டு. காங்கோ ஆற்றுப் படுகையின் நடுவில் ஏறக்குறைய 1,45,500 சதுர கிலோமீட்டர் பீட் சதுப்பு இருப்பதை 2017இல்தான் வரைபடமாக்கினார்கள். 3,000 கோடி டன் கார்பன் அதில் இருப்பதாக மதிப்பீடு. ஐந்தாண்டு கழித்து அந்தப் பீட்டைத் துளைத்து எடுத்து வயது பார்த்தவர்களுக்கு ஒரு விசித்திரம் தெரிந்தது: சுமார் 7,500 ஆண்டுக்கு முன்பிருந்து 2,000 ஆண்டுக்கு முன்புவரையான காலத்தின் அடுக்கு ஏறக்குறைய காணவே இல்லை. இடையில் மழை குறைந்து, சேர்ந்திருந்த பீட்டில் குறைந்தது 2 மீட்டர் மட்கிப் போயிருந்தது. யாரும் மண்வெட்டி எடுக்கவில்லை. மழை குறைந்ததே போதுமானதாக இருந்தது. ஈரம் திரும்பிய பிறகு கடந்த 2,000 ஆண்டில் மீண்டும் சேர்ந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குப் பயமும் ஆறுதலும் ஒன்றாக வந்தன.

இன்னொரு சான்று வடக்கே, குளிர் நாட்டில். அங்குள்ள பீட் பாசியால் ஆனது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு சதுப்பின்மேல் மேல்பக்கம் திறந்த கூண்டுகள் அமைத்து, காற்றையும் அடிமண்ணையும் 9 டிகிரிவரை பல படிகளில் சூடேற்றிப் பல ஆண்டுகள் பார்த்தார்கள். சில ஆண்டுகளிலேயே, சேமித்துக்கொண்டிருந்த நிலம் இழக்கும் நிலமாக மாறியது. சூடு கூடக்கூட இழப்பும் கூடியது. பீட்டை உண்டாக்கும் பாசி சுருங்கியது.

சரி, உங்கள் நாலு ஏக்கருக்கு வருகிறேன்.

செம்பனை வேர் மூச்சுவிட அரை மீட்டர் காய்ந்த மண் போதும். தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 40 முதல் 60 செ.மீ.க்குள் நிற்க வேண்டும் என்பது இத்துறையில் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. இந்தோனேசியச் சட்டம் 40 செ.மீ.க்குக் கீழே விடக்கூடாது என்கிறது. 60 செ.மீ.க்கும் கீழே வடிப்பது விதைநெல்லை அவித்துத் தின்பது. தண்ணீரை 10 செ.மீ. உயர்த்தினால் ஹெக்டேருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3 டன் கரியமில வாயுவுக்குச் சமமான வெளியேற்றம் குறையும் என்று 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் நிலம் 1.6 ஹெக்டேர், ஏறக்குறைய 5 டன். நனைந்த மண்ணிலிருந்து மீத்தேன் வருமே என்று பேத்தி கேட்டால், வரும்தான். அதையும் கழித்த பிறகுதான் இந்தக் கணக்கு.

பாரிட்டில் ஒரே பெரிய அணை கட்டாதீர்கள். தண்ணீர் பக்கவாட்டில் பீட்டைத் துளைத்துக்கொண்டு சுற்றிப் போய்விடும். மணல் மூட்டையும் பலகையும் வைத்து, கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாகத் தாழ்வான தடுப்புகள் பல போடுங்கள். மழைக்கு வழிய ஒவ்வொன்றின் மேலும் ஒரு வாய் விட வேண்டும். மழை நிற்கும் முன்பே பாரிட்டை அடைக்க வேண்டும். புகை கண்ட பிறகு அடைத்துப் பயனில்லை. நீங்கள் அடைத்து, பக்கத்துத் தோட்டக்காரர் வெட்டினால் உங்கள் தண்ணீர் அவர் பாரிட் வழியாகப் போய்விடும். ஆகவே அவரை விரோதித்துக்கொள்ளாமல் ஒரு நாள் தேநீருக்கு அழையுங்கள். ஏழு படியையும் அவரே ஏறி வரட்டும்.

ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. 50 செ.மீ.யில் தண்ணீரை நிறுத்தினாலும் நிலம் இறங்குவது நிற்காது, மெதுவாகும். இறங்கி இறங்கி ஒருநாள் ஆற்று மட்டத்துக்கு வந்துவிட்டால் தண்ணீர் தானாக வடியாது; கடலும் உயர்ந்து வருகிறது. மறுநடவுக்கு முன்பே ஈரத்தில் வாழும் பயிரைப் பற்றி விசாரித்து வையுங்கள். சரவாக்கின் முக்கா வட்டாரத்தில் ரும்பியா என்னும் சாகோப் பனையை ஈரமான பீட்டிலேயே வளர்க்கிறார்கள். நம் பாயசத்துச் சவ்வரிசிக்கு, மரவள்ளிக்கிழங்கு வருமுன் மாவு தந்தது அந்தப் பனைதான்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒன்றரை ஆள் நீளத்துக்கு ஒரு பிவிசி குழாய் வாங்கி, பக்கமெல்லாம் துளையிட்டு, தோட்டத்தின் நடுவில், பாரிட்டுக்குப் பக்கத்தில் அல்லாமல், இறக்குங்கள். மாதம் இருமுறை உள்ளே குச்சி விட்டுத் தண்ணீர் எவ்வளவு கீழே என்று தேதியோடு எழுதி வையுங்கள். இன்னொன்று, ஓர் இரும்புக் கம்பி. களிமண் தட்டி மேற்கொண்டு இறங்க மறுக்கும்வரை அடித்து, தரை மட்டத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, அதே மாதத்தில், கோட்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் போதும். பேத்தி விடுமுறைக்கு வரும்போது அவரையே அளக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினால், எந்தப் பாரிட்டை முதலில் அடைப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.