வீசிங் உள்ள வீட்டில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

குழந்தைக்கு வீசிங் என்று டாக்டர் சொன்ன மறுநாளே வீட்டில் வாழைப்பழம் நின்றுவிடும். தயிர் நின்றுவிடும். வெள்ளரிக்காய், ஆரஞ்சு, இளநீர் எல்லாம் ‘குளிர்ச்சி’ என்று ஒதுக்கப்படும். அன்று இரவும் கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருள் வழக்கம்போல் எரியும், ஜன்னல்கள் சாத்தியிருக்கும். குறிப்பிட்ட ஏதோ ஓர் உணவு ஒத்துக்கொள்ளாத சிலர் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் பெரும்பாலோருக்கு இழுப்பைக் கிளப்பிவிடுவது மூச்சோடு உள்ளே போகும் புகையும் தூசும்தான், அல்லது சளிக்காய்ச்சல்.

அடிக்கடி வீசிங் வரும் ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழாய்கள் இருமல் இல்லாத நாளிலும் உள்ளுக்குள் லேசாக வீங்கியே இருக்கும். புகையோ நெடியோ பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், சளி சுரக்கும், காற்று போகும் வழி குறுகும். பெற்றோருக்கு ஆஸ்துமா இருப்பது, தீராத தும்மல், தோலில் கரப்பான், குறைமாதப் பிரசவம், உடல் பருமன் ஆகியவை இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும். பரம்பரையை மாற்ற முடியாது. வீட்டுக் காற்றை மாற்றலாம்.

செய்யக்கூடாதவை

• மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் ஏற்றாதீர்கள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று கண்டது. கொசுவலைதான் சிறந்தது. திரவ மருந்து போடும் மெஷினில் புகை இல்லை என்றாலும் அந்த நெடியே சிலருக்கு ஆகாது. போட்ட இரவில் இருமல் கூடுகிறதா என்று கவனியுங்கள்.

• குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது முழுக்க முழுக்க அன்பினால் செய்யப்படுவது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தலை துவட்டி, தூபக்காலில் கங்கு போட்டு, அதில் சாம்பிராணிப் பொடி தூவி, எழும்பும் வெண்புகைக்கு மேலே குழந்தையின் தலையைக் காட்டுவார் பாட்டி. தலையில் நீர் கோத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் கவலை. பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடும், நாம் 12 முதல் 20 முறைதான். அதன் மூச்சுக்குழாயோ மிகச் சிறியது. அதே புகையில் நமக்குக் கண் மட்டும் கரிக்கும், அதற்கு நெஞ்சே அடைக்கும். தலையை ஈரம் போகத் துவட்டினாலே போதும், நீர் கோத்துக்கொள்ளாது. பாட்டியிடம் சண்டை போட வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போய், டாக்டர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் சாம்பிராணிக்கும் இதே விதிதான்.

• ஜன்னல் இல்லாத பூஜையறையில் ஊதுபத்தி வேண்டாம். விளக்கும் பூவும் போதும்.

• கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துக் கொட்டாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஆரோக்கியமானவரையே மூச்சுத்திணற வைக்கும் வாயு அது. இன்று ஒன்றைப் போட்டால் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, இன்னொன்றை வேறு நாளில் போடுங்கள்.

• பீடி, சிகரெட்டை மொட்டை மாடியில் பிடித்துவிட்டு உடனே வந்து குழந்தையைத் தூக்காதீர்கள். சட்டையிலும் மீசையிலும் புகை ஒட்டிக்கொண்டே வருகிறது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் யாருமே புகைக்கக் கூடாது. பிறக்கப்போகும் பிள்ளையின் நுரையீரல் வளர்ச்சியையே அது கெடுக்கும்.

• போகியன்று டயர், பிளாஸ்டிக், பழைய மெத்தை எதையும் கொளுத்தாதீர்கள். மார்கழிக் கடைசி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசையாமல் நிற்கும். புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்கிவிடும். தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என நேரம் வகுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நோயாளியை உள்ளறையில் வைத்து ஜன்னலைச் சாத்துங்கள். பண்டிகைப் பரபரப்பில் தினசரி மருந்து விட்டுப்போகக் கூடாது.

• இன்ஹேலரைக் ‘கடைசிக் கட்டம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். எனக்குப் பெரிதும் வருத்தம் தருவது இந்தப் பயம்தான். சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். அது ரத்தம் வழியாக உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நெஞ்சுக்கு வரும். கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். அதே மருந்து இன்ஹேலரில் ஓர் அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம், அதாவது மாத்திரையில் இருப்பதில் இருபதில் ஒரு பங்கு. அதுவும் நேரே நுரையீரலுக்கே போகிறது. ‘பழகிவிட்டால் விட முடியாது’ என்பதில் உண்மை இல்லை.

• உடனே நிவாரணம் தரும் நீல இன்ஹேலரை மட்டும் நம்பி ஓட்டாதீர்கள். இறுகிய தசையை அது தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அதை மட்டும் கொடுத்து வைத்தியம் செய்யக் கூடாது என்று ‘ஜினா’ உலக வழிகாட்டுதல் 2019 முதல் சொல்கிறது. டாக்டர் எழுதிய தடுப்பு இன்ஹேலரை, இருமல் இல்லையே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்துக்கடையில் ‘வீசிங்குக்கு ஏதாவது கொடுங்க’ என்று கேட்டு வாங்கும் பொட்டலத்தில் ஸ்டீராய்டு மாத்திரை இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

• வலி மாத்திரையைக் கேட்காமல் போடாதீர்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை சிலருக்கு இழுப்பைத் தூண்டும். ப்ரோப்ரனலால் மாத்திரையும், கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் தூண்டக்கூடியவை. கண் டாக்டரிடமும் ஆஸ்துமா இருப்பதைச் சொல்லுங்கள்.

• விளையாட்டை நிறுத்தாதீர்கள். ஓடினால் இழுக்கிறது என்றால் மருந்து சரியாகப் போதவில்லை என்று பொருள். பி.டி. ஆசிரியரிடம் விவரம் சொல்லி, பிள்ளையின் பையில் இன்ஹேலரை வைத்து அனுப்புங்கள்.

செய்ய வேண்டியவை

• படுக்கையிலிருந்து தொடங்குங்கள். மெத்தையிலும் இலவம்பஞ்சுத் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சிகள் வாழ்கின்றன. நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அவற்றுக்குத் தீனி. ஒவ்வாமையைக் கிளப்புவதில் முக்கியமானது அவற்றின் எச்சம். விரிப்பையும் உறையையும் வாரம் ஒருமுறை நல்ல வெந்நீரில், 60 டிகிரி சூட்டில், துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். வருடக்கணக்கில் கிடக்கும் மெத்தையைவிட, ஈரத்துணியால் துடைத்து வெயிலில் போட முடிகிற பாய் நல்லது.

• பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும் அன்று நோயாளியைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்த வேலையை அவரிடமே கொடுக்காதீர்கள்.

• ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் ஓதம் ஏறினால், நீர் கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடையுங்கள். மேலே பெயிண்ட் அடித்தால் பூஞ்சை உள்ளே வளர்ந்துகொண்டுதான் இருக்கும். வாடகை வீடென்றால் பீரோவையும் கட்டிலையும் அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

• கரப்பான்பூச்சிக்கு ஸ்பிரேயைவிட ஜெல் வையுங்கள்.

• அடுப்படியில் புகைபோக்கியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ வேண்டும். மிளகாய் தாளிக்கும்போது அது ஓடட்டும். சமையலுக்கு கேஸ் வந்த வீடுகளிலும் குளிக்கும் வெந்நீருக்கு விறகும் தேங்காய் மட்டையும் எரிகின்றன. அதை ஊதிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோதான். பீடியைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கு சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு வருவதற்கு விறகுப் புகை ஒரு முக்கியக் காரணம். ‘வயசாயிட்டா மூச்சு வாங்கத்தான் செய்யும்’ என்று அவர்கள் சொன்னால் அதை அப்படியே விட்டுவிடாமல் மூச்சை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

• என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் பகுதிப் பஞ்சாலைகளில் வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சை இறுக்கிப் பிடித்தால், அது பஞ்சுத் தூசினால் வரும் பிசினோசிஸ் நோயாக இருக்கலாம். சட்டப்படி இழப்பீடு பெறக்கூடிய தொழில்நோய்களின் பட்டியலில் அது இருக்கிறது. வேலையில் படும் பொருள்களால் வரும் ஆஸ்துமாவும் அதில் உண்டு. மாவு மில், கோழிப்பண்ணை, கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிக்கும் பட்டறை ஆகிய இடங்களில் இருப்பவர்களும் லீவு நாளில் மூச்சு லேசாகிறதா என்று குறித்து வையுங்கள். டாக்டருக்கு அது நல்ல தடயம்.

• இன்ஹேலர் எடுக்கும் முறையை டாக்டர் முன்னாலேயே செய்து காட்டுங்கள். நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக இழுத்து, பத்து நொடி அடக்கி விட வேண்டும். இன்ஹேலரின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்னும் குழல் இருந்தால் எல்லா வயதினருக்கும் எளிது. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

• ஆபத்தின் அடையாளங்களைத் தெரிந்து வைத்திருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறுவது, மூச்சு இழுக்கையில் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்குவது, உதடு நீலம் பாய்வது, இழுப்புச் சத்தமே திடீரென்று நின்று ஆள் சோர்ந்துபோவது, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். நீல இன்ஹேலரை ஸ்பேசரில் பொருத்தி ஓர் அழுத்தல், நான்கு மூச்சு என நான்கு முறை கொடுங்கள். நான்கு நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை இப்படியே தொடருங்கள். எந்த நேரத்தில் எத்தனை அழுத்தல் கொடுத்தீர்கள் என்று ஒருவர் எழுதிக்கொண்டே வரட்டும். அந்தச் சீட்டை ஆம்புலன்ஸில் வருபவர் கையில் கொடுத்துவிடுங்கள்.